நாயின் பல் நிறம் மாறினால் வீட்டில் எப்படிப் பார்ப்பது, எப்போது டாக்டரிடம் போவது?

கல்லைக் கடித்து விளையாடிய எங்கள் மணியின் கோரைப்பல் ஒன்று மெல்லச் சாம்பல் நிறமானது. வைத்த சோற்றை மிச்சமில்லாமல் தின்கிறதே, வலி இருக்காது என்று மூன்று மாதம் விட்டுவிட்டேன். பல் வலியோடும் நாய் சாப்பிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

1. உதட்டைத் தூக்குங்கள்

வாயைத் திறக்க வேண்டாம். வெளிச்சத்தில் உட்காரவைத்து மேலுதட்டை மட்டும் தூக்கிப் பாருங்கள். பிறகு உதட்டோரத்தைப் பின்னால் இழுத்துக் கடைவாயையும் பாருங்கள். இருபுறமும் போட்டோ எடுத்துக்கொண்டால் அடுத்த மாதம் ஒப்பிடலாம். தடுப்பூசி போடாத நாய் எச்சில் வடித்து விழுங்க முடியாமல் தவித்தால் தொடவே தொடாதீர்கள். ரேபிஸாக இருக்கலாம்.

2. பல பற்களா, ஒரே பல்லா?

இதுதான் முக்கியம். பல பற்களில் ஈறோரமாக மஞ்சளும் பழுப்புமாக இருந்தால் அநேகமாகக் காரை. பல்லில் படியும் அழுக்கு எச்சிலில் உள்ள உப்புகளோடு சேர்ந்து சில நாளில் இறுகிவிடும். நீங்களே சுரண்டாதீர்கள். ஈறு சிவந்து வாயும் நாறினால் அந்த வாரமே காட்டுங்கள்.

ஒரே ஒரு பல் மட்டும் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ சாம்பலாகவோ மாறினால் கதை வேறு. அடிபட்டு உள்ளே ரத்தம் கசிந்திருக்கும். காலில் அடிபட்டால் வீங்கி வடியும். பல்லுக்குள் வீங்க இடமில்லை. ரத்த ஓட்டம் நின்று உள்சதை பெரும்பாலும் செத்துவிடும். பிறகு வேர் நுனியில் சீழ் பிடிக்கலாம். மேல்வாயின் பெரிய கடைவாய்ப்பல் என்றால் கண்ணுக்குக் கீழே வீங்கும். வலிக்கவில்லை போலத் தெரிந்தாலும் எக்ஸ்-ரே எடுக்கச் சொல்லுங்கள். வேர் சிகிச்சையா, பிடுங்குவதா என்பது அதில்தான் தெரியும்.

பூனைக்கு ஈறோரம் இளஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தால் பல் கரைகிற நோயாக இருக்கலாம். அது நன்றாகவே வலிக்கும்.

3. அன்றே போக வேண்டியவை

முக வீக்கம், நிற்காத ரத்தம், உடைந்த பல்லில் தெரியும் சிவப்பு, சாப்பிடாமல் இருப்பது.

4. தினமும் துலக்குங்கள்

நம் பேஸ்ட் கூடாது. சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாய்க்கு நஞ்சு. நாய்க்கென்றே விற்கும் பேஸ்ட்டை முதலில் விரலில் நக்கவிட்டுப் பழக்குங்கள். கல்லும் மாட்டெலும்பும் பல்லை உடைக்கும், எடுத்துவிடுங்கள்.

மணிக்கு மயக்க மருந்து கொடுத்து அந்தப் பல்லை எடுத்தார்கள். புண் ஆறிய பிறகு, மாதக்கணக்கில் சீண்டாத கயிற்றுப் பொம்மையைத் தானே கவ்விக்கொண்டு வந்தான்.