பாடும் மீன் பிடிக்க திருகி மாத்திற டிஜிட்டல் ஃபில்டர்

பறுவத்துக்கு (பௌர்ணமிக்கு) மட்டக்களப்பு வாவியில கல்லடிப் பாலத்தடியில தோணியில போய், துடுப்ப தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனிய காதில வைச்சு பாடும் மீன் (தண்ணிக்குள்ள இரிந்து வாற பாட்டு மாதிரி சத்தம்) கேட்ட ஆக்கள் எங்கட ஊர்ல கனக்க இரிக்காங்க. நான் சொகுசுக்காரன், பீசோ தகடு (அதிர்வ மின்சாரமா மாத்திற தகடு) ஒண்ட பலூனுக்குள்ள போட்டு இறுக்கிக் கட்டி வாவிக்குள்ள விட்டுட்டு கரையில சார்ஜரும் லேப்டாப்புமா இரிந்து பிடிச்சன். வீட்ட வந்து கேட்டா 50 ஹேர்ட்ஸ் கரண்ட் இரைச்சல், அதுக்கு மேல பாலத்தால போற லொறிட உறுமல்.

இத வெட்ட வழமையா பைகுவாட் எண்ட ரெண்டாம் படி டிஜிட்டல் ஃபில்டர்தான் போடுவாங்க. ஆனா நடு ஃப்ரீக்குவன்சிய (ஃபில்டர் குறிவைக்கிற இடத்த) கொஞ்சம் நகர்த்தினாலும் குணகங்கள் முழுக்க திரும்பக் கணக்குப் பாக்கோணும், ஓடேக்க திருகிறதுக்கு அது கரைச்சல். 1987ல ரெகாலியா, மித்ரா எண்ட ரெண்டு ஆய்வாளர்கள் காட்டின ஆல்பாஸ் வழி எனக்கு புடிச்சது, அதுல இடத்துக்கு ஒரு குமிழ், அகலத்துக்கு ஒரு குமிழ், ஒண்டு மற்றத தொடாது.

ஆல்பாஸ் எண்டா சத்தத்தின்ட அளவ மாத்தாது, ஃபேஸ (அலை எந்தக் கட்டத்தில நிக்குது எண்டத) மட்டும் திருப்பும். நடு ஃப்ரீக்குவன்சில சரியா 180 பாகை திரும்பிரும், அதால வந்த சத்தத்தையும் ஆல்பாஸையும் கூட்டிப் பாதியாக்கினா அந்த இடம் மட்டும் செத்துப்போகும் (நாட்ச்), கழிச்சுப் பாதியாக்கினா அந்த இடம் மட்டும் மிஞ்சும் (பேண்ட்பாஸ்). ஒரே கணக்குல ரெண்டும் கிடைக்குது, லாபந்தானே. கீழ சாம்பிள் வேகம் எண்டா செக்கனுக்கு எத்தின தரம் சத்தத்த அளக்கிறம் எண்டது.

கே1 = −காஸ்(2 × பை × நடு ÷ சாம்பிள் வேகம்)
டி = டான்(பை × அகலம் ÷ சாம்பிள் வேகம்)
கே2 = (1 − டி) ÷ (1 + டி)
பி = கே1 × (1 + கே2)

ஒவ்வொரு சாம்பிளுக்கும்:
ஆல்பாஸ் = கே2 × இப்பத்த உள்ளீடு + பி × முந்தின உள்ளீடு + அதுக்கு முந்தின உள்ளீடு − பி × முந்தின ஆல்பாஸ் − கே2 × அதுக்கு முந்தின ஆல்பாஸ்

8000 சாம்பிள் வேகத்தில 50 ஹேர்ட்ஸ வெட்ட, அகலம் 5 எண்டு வைச்சா கே1 = −0.99923, கே2 = 0.99608 வரும். ரெண்டும் 1க்கு உள்ள நிக்கிற வரைக்கும் ஃபில்டர் வெடிக்காது. 44100ல கே1 −0.99997 ஆகிரும், சின்ன மைக்ரோகன்ட்ரோலர்ல இலக்கம் காணாது, அதால முதல் சாம்பிள் வேகத்த குறைங்க. 100, 150லயும் இரைச்சல் இரிந்தா ஒவ்வொண்டுக்கும் இன்னொரு நாட்ச் தொடர்ச்சியா போடுங்க. குமிழ சட்டெண்டு திருகினா டிக் டிக் எண்டு கேக்கும், புது கே1க்கு ஒரேயடியா பாயாம சாம்பிளுக்கு நூறில ஒரு பங்கா நகர்த்தினா போதும்.

மறுகா பேண்ட்பாஸுக்கு மாத்தி, அகலத்த 40ல வைச்சு, 100ல இரிந்து மெல்ல மெல்ல மேல திருகிக்கொண்டு போங்க. எங்கயாச்சும் பாட்டு எழும்பினா உடன சந்தோசப்படாதீங்க, அகலத்த கூட்டிப் பாருங்க, உண்மையான சத்தமெண்டா அதே இடத்தில நிக்கும். அகலம் மிச்சம் ஒடுங்கினா ஃபில்டரே மணி மாதிரி அதிரும், எந்த இரைச்சலும் பாட்டாத்தான் கேக்கும். முதல் நாள் 5 ஹேர்ட்ஸ் அகலத்தில எனக்குப் பாடினது லொறி.