ஒரு கிளிக்குக்குள் இன்னொரு கிளிக்

நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போகும் படகுக்கு ஆசனம் பதியும் சிறு நிரலைப் பைதனில், டிகிண்டர் (சாளரம், பொத்தான் போன்றவற்றைத் திரையில் அமைக்க உதவும் தொகுதி) கொண்டு எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 'பதி' பொத்தானின் ஃபங்ஷன் மீதி ஆசனம் 10 என்று வாசிக்கிறது. சேவருக்கு அனுப்ப 3 செக்கன் எடுக்கிறது. திரை உறைந்து நிற்கக்கூடாதென்று நடுநடுவே அப்டேட்() போடுவோம். வில்லங்கம் அங்கேதான்.

அப்டேட்() திரையை வரைவதோடு நிற்பதில்லை. வரிசையில் காத்திருக்கும் கிளிக்குகளையும் அந்த இடத்திலேயே ஓடவிடும். அவசரத்தில் இரண்டாம் முறை அழுத்தினால், முதல் ஓட்டம் பாதியில் நிற்க, அதே ஃபங்ஷன் மறுபடி தொடங்கி, தானும் 10 வாசித்து 9 எழுதி முடிக்கும். பிறகு முதலாவது தொடரும். கையிலுள்ள பழைய 10-இல் ஒன்று கழித்து அதுவும் 9 எழுதும். பதிவு இரண்டு, ஆனால் கழிந்தது ஓர் ஆசனம் மட்டுமே. பிழைச்செய்தி எதுவும் வராது, அதுதான் ஆபத்து.

வரைவதற்கு மட்டுமென்றால் அப்டேட்_ஐடில்டாஸ்க்ஸ்() போதும். பொத்தானை ஃபங்ஷனின் முதல் வரியிலேயே முடக்குங்கள். ஆனால் வேலை முடிந்த கையோடு திறந்தால், வரிசையில் கிடந்த கிளிக் திறந்த பொத்தானில் விழும். முடங்கிய நிலையிலேயே ஒருமுறை அப்டேட்() ஓட்டிவிட்டுத் திறக்க வேண்டும்.

இதைவிட உறுதியான வழி, அனுப்பும் வேலையைத் தனி த்ரெட்டுக்கு, அதாவது நிரலுக்குள் பக்கத்தில் தனியாக ஓடும் இழைக்கு, கொடுப்பது. விடையை அது ஒரு கியூவில் (த்ரெட்டுகளுக்கிடையே தகவலைக் கைமாற்றும் வரிசையில்) போடட்டும். சொன்ன நேரம் கழித்து ஒரு ஃபங்ஷனை ஓட்டும் ஆஃப்டர்() மூலம் 100 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை பார்த்து, விடை வந்ததும் பொத்தானைத் திறக்கலாம். த்ரெட்டுக்குள்ளிருந்து மட்டும் பொத்தான் போன்ற எந்த விட்ஜெட்டையும் தொடாதீர்கள்.