இத்தாலியில் குடும்பத்தோடு: ரயிலா, வாடகைக் காரா? பலரும் சறுக்கும் இடங்கள்

மொத்தப் பயணத்துக்கும் ஒரே விடை தேடுவதுதான் முதல் தவறு. "நாங்கள் ரயில் கட்சி", "நாங்கள் கார் கட்சி" என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிட்டு ஊர்களைத் தேர்ந்தெடுத்தால், ஏதோ ஒரு ஊரில் பணமோ நேரமோ வீணாகும். இத்தாலியில் இந்தக் கேள்வியை ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ், மிலன், நேப்பிள்ஸ் ஆகியவற்றுக்கு இடையே யோசிக்கவே வேண்டாம், ரயில்தான். ரோமிலிருந்து ஃபுளோரன்சுக்கு அதிவேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். காரில் ஏறக்குறைய 280 கி.மீ., மூன்று மணி நேரமாவது ஆகும். ரயில் ஊர் நடுவில் இறக்கிவிடும். காரில் போனால் பழைய நகருக்கு வெளியே நிறுத்த இடம் தேடி அலைய வேண்டும். வெனிஸில் நுழைவிலுள்ள பியாத்சாலே ரோமா சதுக்கத்துக்கு அப்பால் காருக்குச் சாலையே கிடையாது.

ஃபுளோரன்ஸைச் சுற்றியுள்ள டஸ்கனி பகுதியின் மலைக் கிராமங்களில் கதை தலைகீழ். பியென்சாவில் ரயில் நிலையம் இல்லை. சான் ஜிமின்யானோவுக்குப் போஜ்ஜிபோன்சியில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். குழந்தைகளோடு இப்படி இரண்டு கிராமம் பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அங்கே கார்தான் சரி. ஆக, பத்து நாள் பயணமென்றால் ஏழு நாள் ரயில், மூன்று நாள் கார் என்று பிரிப்பது பெரும்பாலும் பொருந்தும். காரை ஃபுளோரன்ஸ் போய்ச் சேர்ந்த அன்றே எடுக்காதீர்கள். நகரத்தைப் பார்த்து முடித்து, கிளம்பும் நாள் காலையில், முடிந்தால் விமான நிலையக் கிளையில் எடுங்கள்.

சிங்க்வே தெர்ரே என்ற கடலோரப் பகுதியின் ஐந்து ஊர்களுக்கும் லா ஸ்பெத்சியாவிலிருந்து உள்ளூர் ரயில் போகிறது, கார் அங்கே பாரம். அமால்ஃபி கடற்கரை இரண்டுக்குமே அடங்காது: ரயில் கிடையாது, சாலை குறுகல், எதிரே சுற்றுலாப் பேருந்து வந்தால் பின்னால் எடுக்க வேண்டும். போதாததற்கு, சீசனில் ஒற்றைப்படை–இரட்டைப்படை வண்டி எண் கட்டுப்பாடும் உண்டு. கோடையில் சலேர்னோ வரை ரயிலில் போய்ப் படகு ஏறுவது நல்லது.

செலவுக் கணக்கில்

காரின் நாள் வாடகையை நான்கு ரயில் டிக்கெட்டோடு ஒப்பிட்டு "கார் மலிவு" என்று முடிவு செய்பவர்கள் ஏராளம். வாடகையோடு பெட்ரோல், டோல், பார்க்கிங், குழந்தை இருக்கை வாடகை, வேறு ஊரில் திருப்பிக் கொடுத்தால் அதற்கான கட்டணம் எல்லாம் சேரும். அங்கே சாதாரணமாகக் கிடைப்பது கியர் வண்டி. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் தனியாகத் தேட வேண்டும், விலையும் கூடும். ஸ்டீயரிங் இடப்பக்கம் இருப்பதால் கியரை வலக்கையால் மாற்ற வேண்டும். நம் ஊரில் இருபது வருடம் ஓட்டியவருக்கும் முதல் நாள் கை கதவைத்தான் தேடும். ஆட்டோமேட்டிக்குக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் அல்ல.

குழந்தை இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். 150 செ.மீ. உயரத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அது சட்டப்படி கட்டாயம், மடியில் வைத்துக்கொள்ள முடியாது.

"இன்ஷூரன்ஸ் உண்டு" என்றால் முழுப் பாதுகாப்பு என்று பொருளல்ல. முதல் ஆயிரம், இரண்டாயிரம் யூரோ வரை சேதம் உங்கள் தலையில்தான் என்று சிறிய எழுத்தில் இருக்கும். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவை பல பாலிசிகளில் அடங்குவதில்லை. அந்தத் தொகையை ஓட்டுநர் பெயரிலுள்ள கிரெடிட் கார்டில் பிடித்து வைப்பார்கள். ஃபாரெக்ஸ் கார்டை நீட்டினால் பல கவுன்டர்களில் சாவி கிடைக்காது. மனைவியின் கார்டு, கணவரின் லைசென்ஸ் என்றாலும் அதே கதி.

இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அதை ஆர்.டி.ஓ. அலுவலகம் தருகிறது, ஓராண்டு செல்லும். கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பே விண்ணப்பியுங்கள். அசல் லைசென்ஸை வீட்டில் விட்டுவிட்டு இதை மட்டும் கொண்டுபோனால் பயனில்லை.

டிக்கியையும் கணக்கில் எடுங்கள். பதிவில் "ஃபியட் பாண்டா அல்லது அதுபோன்றது" என்றிருந்தால் அதன் டிக்கி சுமார் 225 லிட்டர்தான். ஒரு பெரிய சூட்கேஸே 100 லிட்டரை நெருங்கும். நான்கு பேர், நான்கு பெட்டி என்றால் வேகன் வகை எடுங்கள்.

சாலையில்

அதிகம் பேர் மாட்டுவது இசட்.டி.எல். எனப்படும் தடை மண்டலத்தில். பழைய நகரின் நுழைவில் சிவப்பு வளையமிட்ட வெள்ளை வட்டப் பலகை, அருகே கேமரா, மின்னெழுத்துப் பலகை. அதில் "வார்கோ அத்தீவோ" என்று ஒளிர்ந்தால், வழி திறந்திருக்கிறது என்று நினைத்து நுழைகிறார்கள். பொருள் நேர்மாறு: கண்காணிப்பு நடக்கிறது, அனுமதி இல்லாத வண்டி நுழையக் கூடாது. "நோன் அத்தீவோ" என்றிருந்தால்தான் போகலாம். தடுப்புக் கம்பி இருக்காது, யாரும் நிறுத்த மாட்டார்கள். வழி தவறி இரண்டு கேமராவைக் கடந்தால் இரண்டு அபராதம். வெளிநாட்டில் வசிப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப 360 நாள் அவகாசம் உண்டு என்பதால், பயணத்தையே மறந்த பிறகு கடிதம் வரும். வாடகை நிறுவனம் உங்கள் முகவரியைக் கொடுத்ததற்குத் தனிக் கட்டணத்தை அதற்கு முன்பே கார்டில் எடுத்திருக்கும். விடுதி அந்த மண்டலத்துக்குள் இருந்தால், வண்டி எண்ணை முன்கூட்டியே கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிந்தார்களா என்று திரும்பக் கேளுங்கள்.

பெட்ரோல் பங்க்கில் "கசோலியோ" என்ற சொல் காஸோலின் போல இருப்பதால் பெட்ரோல் என்று எண்ணி அடித்துவிடுகிறார்கள். அது டீசல். பெட்ரோலுக்கு "பென்சீனா". குழாயின் ஒட்டுத்தாளைப் பாருங்கள்: வட்டத்துக்குள் இ5 அல்லது இ10 என்றால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 என்றால் டீசல். தவறாக நிரப்பிவிட்டால் இன்ஜினை இயக்காமல் உதவி எண்ணை அழையுங்கள்.

டோல்கேட்டில் "தெலேபாஸ்" என்று மட்டும் எழுதிய மஞ்சள் வரிசை வேண்டாம், அது தானாகக் கட்டணம் பிடிக்கும் வரிசை, வண்டியில் அதற்கான கருவி வேண்டும். நுழையும்போது எடுக்கும் சீட்டைத் தொலைத்தால் மிகத் தொலைவிலுள்ள நுழைவாயிலிலிருந்து கணக்குப் போடுவார்கள். பார்க்கிங்கில் நீலக் கோடு கட்டணம், வெள்ளை இலவசம், மஞ்சள் பிறருக்கு ஒதுக்கியது.

ரயிலில்

வெனிஸ் மெஸ்த்ரே, வெனிஸ் சாந்தா லூச்சியா இரண்டும் வேறு நிலையங்கள். கால்வாய்க் கரையில் இருப்பது பின்னது. மெஸ்த்ரே நிலப்பரப்பில், பத்துப் பன்னிரண்டு நிமிடம் முன்னால். டிக்கெட்டில் எது இருக்கிறது, விடுதி எங்கே என்று பொருத்திப் பாருங்கள்.

நிலையப் பலகையில் உங்கள் ஊர் பெயரைத் தேடாதீர்கள். ரயில் கடைசியாகச் சேரும் ஊர்தான் பெரிதாகத் தெரியும். ரோமிலிருந்து ஃபுளோரன்ஸ் போகும் ரயில் "தொரீனோ" (டூரின்) என்றோ "வெனேத்சியா" (வெனிஸ்) என்றோ இருக்கும். ரயில் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடைமேடை எண் பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் வரும். பெட்டிகளோடு முன்பே தயாராக நிற்க வேண்டும்.

உள்ளூர் ரயிலின் காகித டிக்கெட்டை ஏறும் முன் சிறு இயந்திரத்தில் செருகி முத்திரையிட வேண்டும். பணம் கட்டிய டிக்கெட்டானாலும், முத்திரை இல்லையென்றால் அபராதம். அதிவேக ரயிலுக்கு இது தேவையில்லை.

அதிவேக ரயிலின் மிக மலிவான கட்டணத்தில் திட்டம் மாறினால் பணம் திரும்பாது. இத்தாலியின் அரசு ரயில் நிறுவனமான ட்ரெனிதாலியாவில் இரண்டு முதல் ஐந்து பேர் கொண்ட குழுவில் 15 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இலவசச் சலுகை உண்டு. ஆனால் பெரியவர்கள் மலிவு டிக்கெட் அல்ல, முழுக் கட்டணம் கொடுக்க வேண்டும். இரண்டு வகையிலும் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வேலைநிறுத்தம் அங்கே வழக்கமான சங்கதி, ஆனால் முன்கூட்டியே அறிவிப்பார்கள். அந்த நாட்களிலும் வாரநாளென்றால் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை குறிப்பிட்ட உள்ளூர் ரயில்கள் ஓடியாக வேண்டும்.

காரை ஒப்படைத்த கையோடு ரயில் பிடிப்பதாக இருந்தால் இடையில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். நகரக் கிளைகள் பல மதிய உணவு நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மூடியிருக்கும். சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு ஓடாமல், நாலு பக்கமும் பெட்ரோல் முள்ளும் தெரியும்படி வண்டியை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.