பழைய காரின் பின் டிரம் பிரேக்: கோளாறைக் கண்டுபிடித்துப் பிரித்து மாட்டுவது எப்படி?

பின் பிரேக் சரியில்லை என்றதும் பலர் முதலில் வாங்குவது ஒரு செட் புது ஷூ, அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் உட்புறத்தில் அழுந்தி அதை நிறுத்தும் வளைந்த துண்டுகள். மாட்டி முடித்த பிறகும் அதே கோளாறு அப்படியே இருக்கும். டிரம் பிரேக்கில் ஷூ தேய்வது ஒரு காரணம் மட்டுமே. ஆயில் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர், அதற்கு ஆயில் கொண்டு போகும் ரப்பர் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், கியர் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ஆக்ஸில் ஆயில் சீல் என்று சந்தேகப்பட வேண்டியவை இன்னும் இருக்கின்றன. அதனால் ஜாக்கியை எடுக்கும் முன் பெடலில் காலை வைத்துப் பாருங்கள்.

பெடலை வைத்தே பாதி கண்டுபிடிக்கலாம்

முதல் மிதியில் பெடல் ஆழமாக இறங்கி, அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை மிதித்தால் மேலேறிக் கெட்டியாகிறதா? ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. பல சமயம் அட்ஜஸ்ட் செய்தாலே சரியாகிவிடும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் ஆயில் போகும் லைனில் காற்று புகுந்திருக்கிறது. ஒரே அழுத்தமாக மிதித்துப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கோ ஆயில் ஒழுகுகிறது, அல்லது பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயிலை அடைத்து நிற்கும் ரப்பர் கப் தேய்ந்துவிட்டது. பிரேக் பிடிக்கையில் பெடல் துடித்தால் டிரம் வட்டம் கெட்டிருக்கும்.

ஒரு பின் சக்கரம் மட்டும் சட்டென்று பூட்டிக்கொள்கிறது என்றால் ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கில் ஆயில் பட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஓட்டி நிறுத்தியதும் டிரம் அளவுக்கு மீறிச் சுடுகிறது என்றால் பிரேக் விடாமல் பிடித்தே இருக்கிறது. இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. சக்கரத்தைத் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, லைனில் உள்ள காற்றை வெளியேற்றத் திறக்கும் பிளீடர் நிப்பிளைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஆயில் பீச்சிக்கொண்டு வந்து சக்கரம் விடுபட்டால், லைனில் அழுத்தம் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். வெளியே நன்றாகத் தெரியும் பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி, போன ஆயிலைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டு பின் சக்கரத்துக்கும் ஒரே ஹோஸ் போகும் கார்களில் இரண்டு பக்கமும் சேர்ந்தே பிடிக்கும். நிப்பிளைத் தளர்த்தியும் சக்கரம் சுற்றவில்லையா? அப்போது பார்க்க வேண்டியது கேபிள், ஷூவைத் திரும்ப இழுக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங், துரு.

டிரம்மைக் கழற்றுதல்

சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, காரை ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது.

அடுத்தது தூசி. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏர் கன்னால் ஊதுவதும் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுவதும் வேண்டவே வேண்டாம். பிரேக் கிளீனரையோ சோப்புத் தண்ணீரையோ விட்டு நனைத்துத் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மாஸ்க் கட்டாயம்.

டிரம் வராவிட்டால் உடனே சுத்தியலால் ஓங்கி அடிக்காதீர்கள். தேய்ந்த டிரம்மின் விளிம்பில் ஒரு மேடு நின்றிருக்கும், அதில் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும். முதலில், ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்துங்கள். சில டிரம்களில் மரையுள்ள இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் போல்ட்டை மாறி மாறி இறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளப்படும். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் போன்ற கார்களில் கதையே வேறு: நடுவிலுள்ள 36 மி.மீ. ஆக்ஸில் நட்டைக் கழற்றினால்தான் டிரம் வரும். அந்த நட் பயங்கர இறுக்கமாக இருக்கும் என்பதால், காரைத் தூக்கும் முன், சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திக்கொள்ள வேண்டும்.

உள்ளே பார்க்க வேண்டியது

ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள். மறுபக்கம் அப்படியே இருக்கட்டும், ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியது என்று குழம்பும்போது அதுதான் கைகொடுக்கும். போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீல் சிலிண்டரின் இரு முனையிலும் உள்ள டஸ்ட் கவரை விரலால் விலக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கி நின்றால் கப் போய்விட்டது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பிரேக் ஆயில் நீர்த்து இருக்கும், பெயிண்டை உரிக்கும். கியர் ஆயில் கெட்டியாகக் கந்தக வாடையோடு இருக்கும். அந்த வாடை வந்தால் ஆக்ஸில் சீலையும் சேர்த்து மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் புது லைனிங்கும் சீக்கிரமே ஊறிப்போகும். ஆயில் ஊறிய லைனிங்கைக் கழுவிக் காயவைத்து மறுபடி போடுவது வீண் வேலை, சூடானதும் உள்ளே இருக்கும் ஆயில் வெளியே வரும். ஷூவை எப்போதும் இரு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

டிரம்மின் மேல் அதிகபட்ச விட்டம் வார்த்திருந்தால் அதைப் படித்து, உள் விட்டத்தை இரண்டு மூன்று திசையில் அளந்து பாருங்கள். அளவுக்குள் இருந்தால் லேத்தில் கடைந்துகொள்ளலாம். தாண்டிவிட்டால் புது டிரம்தான்.

வீல் சிலிண்டர்

பிஸ்டனை வெளியே எடுத்து சிலிண்டரின் உட்சுவரை வெளிச்சத்தில் பாருங்கள். லேசான கறை மட்டும் இருந்தால் சுத்தம் செய்து புது கப் போடலாம். நகம் தட்டும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால் தேய்த்து ஒப்பேற்றாமல் சிலிண்டரையே மாற்றிவிடுங்கள். பல பழைய கார்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் சர்க்யூட்தான், ஒரு சிலிண்டர் ஒழுகினால் மொத்த பிரேக்கும் போய்விடும்.

ரப்பர் பாகங்களை பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவினால் உப்பிவிடும். புது பிரேக் ஆயிலில் நனைத்து, கப்பின் குழிந்த பக்கம் ஆயில் இருக்கும் நடுப்பக்கத்தைப் பார்க்கும்படி போடுங்கள். திருப்பிப் போட்டால் அழுத்தம் நிற்காது.

திரும்ப மாட்டுதல்

ஷூவும் வீல் சிலிண்டரும் பொருத்தியிருக்கும் பேக் பிளேட்டில் ஷூ உரசும் மேடுகளில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பள்ளத்தில் ஷூ மாட்டிக்கொண்டு திரும்பாமல் நிற்பது நிறைய நடக்கும். மேடுகளைச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் கிரீஸ் மிகக் கொஞ்சமாகத் தடவுங்கள். சில கார்களில் ஒரு ஷூவின் லைனிங் குட்டையாக இருக்கும், பெரும்பாலும் அது முன்பக்கம் வரும். நட்சத்திரப் பல் அட்ஜஸ்டர்களில் இடது, வலது பக்க மரை எதிரெதிராக இருக்கலாம், கலந்துவிடாதீர்கள். ஸ்பிரிங் புதிதாகவே போடுங்கள்.

காற்று எடுத்தல்

மேனுவலில் எழுதியிருக்கும் பிரேக் ஆயில் ரகம் டாட் 3-ஆ, டாட் 4-ஆ என்று பார்த்து, சீல் உடைக்காத டப்பாவில் இருந்து ஊற்றுங்கள். டாட் 5 என்பது சிலிக்கான் வகை, இவற்றோடு கலக்கக் கூடாது. பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குவார்கள். ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். பெடலைத் தரை வரை மிதிக்க விடாதீர்கள், அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் கப் வழக்கமாகப் போகாத இடத்தில் துரு இருக்கும், அங்கே போனால் நன்றாக இருந்த கப்பும் கிழிந்துவிடும்.

அட்ஜஸ்ட் செய்தல்

ஹேண்ட் பிரேக் கேபிளை முதலில் முழுக்கத் தளர்த்துங்கள். அது இறுகியிருந்தால் ஷூ முழுதாகத் திரும்பாது, நீங்கள் செய்யும் அட்ஜஸ்ட்மென்ட் எல்லாம் பொய்யாகிவிடும். சக்கரம் நிற்கும் வரை அட்ஜஸ்டரை இறுக்கி, பெடலை ஒரு முறை அழுத்தி மிதியுங்கள், ஷூ நடுவுக்கு வரும். மறுபடி இறுக்கிப் பார்த்து, சக்கரம் லேசான உரசலோடு சுற்றும் வரை மட்டும் தளர்த்துங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். டிஃபரன்ஷியலின் இழுவை சுற்று முழுக்க ஒரே சீராக இருக்கும், ஷூ உரசல் பெரும்பாலும் ஒரு இடத்தில் மட்டும் கேட்கும். கடைசியாகத்தான் ஹேண்ட் பிரேக் கேபிளை இறுக்க வேண்டும்.

பெடல் முதல் மிதியிலேயே கெட்டியாக நிற்காவிட்டால் காரை நகர்த்தாதீர்கள். நின்றால், ஆளில்லாத இடத்தில் நடை வேகத்தில் முதலில் சோதியுங்கள். அப்புறம் 50 கி.மீ. வேகத்திலிருந்து மிதமாகக் குறைப்பதை இடைவெளி விட்டுப் பல முறை செய்தால் லைனிங் டிரம்மோடு பொருந்தும். திரும்பி வந்ததும் இரு டிரம்முக்கும் அருகே கையைக் கொண்டு போய்ச் சூடு ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். சில நூறு கி.மீ. ஓடிய பின் இன்னொரு தடவை அட்ஜஸ்ட் செய்ய வேண்டிவரும்.