கூட்டுப் பழம்பொருள் கடையில் உங்கள் முதல் நாள்: காலை முதல் கடை அடைக்கும் வரை

பல வியாபாரிகள் ஒரே கடைக்குள் ஆளுக்கொரு தடுப்போ அலமாரியோ வாடகைக்கு எடுத்துக்கொண்டு, முறை வைத்துக் கல்லாவில் உட்காருவதுதான் கூட்டுப் பழம்பொருள் கடை. உங்கள் சரக்கு என்றால் விலையும் தெரியும், எங்கே ஒட்டுப்போட்டிருக்கிறது என்பதும் தெரியும். உங்கள் முறை வரும் நாளில் அடுத்தவர் சரக்கை விற்கப் போகிறீர்கள், அதில் இரண்டுமே தெரியாது. அதனால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

1. திறப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் வாருங்கள்

விளக்குகளைப் போட்டு, கடை முழுக்க ஒரு சுற்று நடங்கள். பூட்டிய ஷோகேஸ்களின் சாவிகளை எண்ணிப் பாருங்கள், ஒவ்வொரு ஷோகேஸையும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். சாயங்காலம் ஏதாவது காணவில்லை என்று தோன்றினால் அந்தப் படம்தான் பதில் சொல்லும்.

சும்மா இருக்கும் நேரத்தில் துணியை எடுத்துக்கொண்டு அடுத்தவர் பித்தளையைப் பளபளவென்று தேய்த்து வைக்க கை பரபரக்கும். தயவுசெய்து வேண்டாம். வருஷக்கணக்கில் கைபட்டு, காற்றுபட்டு ஏறிய அந்த மங்கலான பழுப்பு நிறத்துக்காகவே வாங்க வருகிறவர்கள் உண்டு. பாலிஷ் போட்டால் பத்து நிமிஷத்தில் போய்விடும், திரும்ப வராது. தூசியை மட்டும் காய்ந்த மென்மையான பிரஷால் தட்டுங்கள்.

2. சீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த வேலையில் பாதி இதுதான். பொருளில் கட்டியிருக்கும் சீட்டில் வியாபாரியின் குறியீடு, பொருள் எண், ஒரு வரி விவரம், விலை எல்லாம் இருக்கும். விற்றதும் குறியீட்டையும் எண்ணையும் பில்லில் எழுதி, சீட்டைக் கழற்றிக் கடைப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். மாதக் கடைசியில் வாடகை, கமிஷன் போக யாருக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பது அதை வைத்துத்தான். நான் ஒருமுறை 17 என்ற குறியீட்டை 11 என்று எழுதிவிட்டேன். ஒருவருக்கு வரவேண்டிய பணம் இன்னொருவர் கணக்கில் ஏறி, அதைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. அன்றிலிருந்து எழுதிய பிறகு எண்ணை வாய்விட்டு ஒரு முறை படிக்கிறேன்.

சீட்டு இல்லாத பொருளை யாராவது கொண்டுவந்து நீட்டினால், உரியவரைப் போனில் பிடியுங்கள். கிடைக்கவில்லையா, விற்காதீர்கள்.

3. எடுத்துக் காட்டும்போது

மேஜையில் தடித்த துணியை விரியுங்கள், மோதிரம் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே பொருள்தான். மூடி இருந்தால் அதை முதலில் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அடியில் ஒரு கை, பக்கத்தில் ஒரு கை என்று பிடித்துத் தூக்குங்கள். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கவே கூடாது, ஏனென்றால் பழைய பீங்கானில் ஒட்டுப்போட்ட இடம் பெரும்பாலும் அந்தக் கைப்பிடியாகத்தான் இருக்கும்.

பீங்கான் கிண்ணம் என்றால் உள்ளங்கையில் வைத்து விளிம்பை நகத்தால் லேசாகச் சுண்டிப் பாருங்கள். நல்ல கிண்ணம் கணீரென்று ஒலித்து ஓசை கொஞ்ச நேரம் நிற்கும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால்கூட மொட்டென்று அடங்கிவிடும். அப்புறம் உள்ளே டார்ச் அடித்து வெளிப்பக்கத்தைப் பாருங்கள், மெல்லிய பீங்கானாக இருந்தால் விரிசல் கோடாகத் தெரியும். இதை வாங்க வந்தவர் முன்னாலேயே செய்யுங்கள். பின்னால் வரக்கூடிய பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

4. "இது எத்தனை வருஷப் பழசு?"

நாள் முழுக்க இதைத்தான் கேட்பார்கள். சீட்டில் எழுதியிருப்பதையும் பொருளில் பொறித்திருப்பதையும் மட்டும் சொல்லுங்கள். 925 என்றிருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, இ.பி.என்.எஸ். என்றிருந்தால் நிக்கல் கலவையின் மேல் வெள்ளி முலாம். 'மேற்கு ஜெர்மனி' என்று அச்சிட்டிருந்தால் அது 1949க்கு முன்னால் வந்திருக்க முடியாது, 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்றிருந்தால் இரண்டாம் உலகப்போர் முடிந்து 1952 வரையிலான காலம். மர அலமாரியில் பிளஸ் தலை ஸ்க்ரூ இருந்தால் அந்த ஸ்க்ரூ 1930களுக்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் அதை யாரோ பின்னால் மாற்றியிருக்கலாம், அதை மட்டும் வைத்து அலமாரியே புதுசு என்று சொல்லிவிடாதீர்கள்.

யானைத் தந்தம் போலத் தெரிகிற எதையும் உரியவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். நாடு விட்டு நாடு தந்தம் விற்பதற்கு 1990 முதல் தடை இருக்கிறது, உள்ளூர்ச் சட்டங்கள் இடத்துக்கு இடம் மாறும்.

5. பேரம்

யார் எவ்வளவு குறைப்பார்கள் என்று கல்லாவில் ஒரு தாள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்றைக்கே எல்லோரிடமும் கேட்டு எழுதுங்கள். அதற்கு மேல் ஒரு காசு குறைப்பதாக இருந்தாலும் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான்.

6. கட்டிக் கொடுப்பது

முதல் சுற்றுக்கு மை இல்லாத வெள்ளைத்தாள், அதற்குமேல் குமிழித்தாள். செய்தித்தாளின் மை வெள்ளைப் பீங்கானில் ஒட்டும். மூடியைத் தனியாகச் சுற்றுங்கள், வெள்ளிச் சாமானில் ரப்பர் பேண்டு போடாதீர்கள், அதிலிருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

7. அடைக்கும்போது

பில்களைக் கூட்டிக் கல்லாப் பணத்தோடு ஒத்துப் பாருங்கள். காலையில் எடுத்த படங்களோடு ஷோகேஸ்களையும், அப்படியே சாவிகளையும் சரிபாருங்கள். யார் எதைக் கேட்டுவிட்டு வாங்காமல் போனார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். "கறுப்புக் கடிகாரத்தை இரண்டு பேர் கேட்டார்கள், சாவி எங்கே?" என்று ஒரு வரி போதும், அந்த வியாபாரி மறுநாள் வீட்டிலிருந்து சாவியைத் தேடி எடுத்து வந்துவிடுவார்.