குழந்தை மற்ற பிள்ளைகளை அடிக்கிறதா? இப்படிப் பழக்குங்கள்

பொம்மையை யாராவது எடுத்துவிட்டால் உங்கள் 3 வயதுக் குழந்தை உடனே கையை ஓங்குகிறதா? அந்தக் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு, அதன் உயரத்துக்கு உட்கார்ந்து, "கோபமா இருக்கா? அடிக்கக் கூடாது, எனக்குக் குடுன்னு கேளு" என்று சொல்லுங்கள், அவ்வளவு போதும். அழுது கத்தும்போது நீளமான புத்திமதி எதுவும் காதில் ஏறாது. திருப்பி அடிப்பது மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

அப்புறம், குழந்தை அமைதியாக இருக்கும் நேரத்தில்தான் உண்மையான பழக்கம் தொடங்கும். தரையில் எதிரெதிரே உட்கார்ந்து, "என் முறை, உன் முறை" என்று சொல்லிச் சொல்லிப் பந்தை உருட்டி ஐந்து நிமிடம் விளையாடுங்கள். சில சமயம் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தராது, பிடுங்காமல் கையை நீட்டியபடி காத்திருங்கள், தந்ததும் "அட, குடுத்துட்டியே!" என்று சொல்லிவிட்டு அந்த முகத்தைப் பாருங்கள். தோசை வார்க்கும்போதுகூட "இது அக்காவுக்கு, அடுத்தது உனக்கு" என்று காத்திருக்கப் பழக்கலாம்.

சொல்லத் தெரியாததாலும் சில பிள்ளைகள் அடிப்பார்கள். 2 வயது முடிந்தும் "அம்மா வா" போல இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால், "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று யார் சொன்னாலும் காத்திருக்காமல் குழந்தைநல மருத்துவரிடம் காட்டி, காது கேட்கும் திறனையும் பரிசோதியுங்கள். தமிழ்நாட்டில் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையங்களில் இதை இலவசமாகவே பார்க்கிறார்கள்.