ஆங்கிலத்தில் பெரிய எழுத்து: எங்கே போட வேண்டும், எங்கே போடக் கூடாது

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை. அதனால் ஆங்கிலம் எழுதும்போது முக்கியமாகத் தோன்றும் சொல்லையெல்லாம் பெரிய எழுத்தில் தொடங்கிவிடுகிறோம். மதிப்புக்குரிய பதவி என்றால் கை தானாகவே பெரிய எழுத்துக்குப் போய்விடும். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன. தமிழில் 'அவர்கள்' என்ற சொல் செய்யும் வேலையை ஆங்கிலப் பெரிய எழுத்து செய்வதில்லை. இது ஒரு தனிப் பெயர் என்று காட்டுவதே அதன் வேலை.

பதவிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 'டாக்டர்' என்ற சொல்லுக்குப் பின் ஒருவரின் பெயர் ஒட்டி வந்தால் அது பெயரின் பகுதி, பெரிய எழுத்து. 'ஷி இஸ் எ டாக்டர்' என்றால் அது தொழில், சிறிய எழுத்து. 'தி மேனேஜர்', 'மை பிரின்சிபல்' என்பவையும் அப்படியே. அவர் எவ்வளவு உயர்ந்தவர் என்பது இங்கே கணக்கில் வராது.

உறவுச் சொற்களுக்கு எளிய சோதனை உண்டு. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அங்கே ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். 'ஐ ஆஸ்க்ட் மதர்' என்பதில் 'மதர்' இருக்கும் இடத்தில் 'மேரி' பொருந்துகிறது. பெரிய எழுத்து போடுங்கள். 'ஐ ஆஸ்க்ட் மை மதர்' என்பதில் 'மை மேரி' இடறுகிறது, சிறிய எழுத்துதான்.

ஊர், ஆறு, ஏரி, பல்கலைக்கழகம் ஆகியவற்றில் பாதித் தவறு முன்னால் நடக்கிறது, பாதி பின்னால். 'அமேசான் ரிவர்' என்பது முழுப் பெயர். இரண்டு சொல்லுக்கும் பெரிய எழுத்து வேண்டும். அடுத்த வாக்கியத்தில் 'தி ரிவர்' என்று மட்டும் வந்தால் அது பொதுச்சொல் ஆகிவிடும். பெயருக்கு முன் வரும் 'தி' வாக்கியத்தின் நடுவே சிறிய எழுத்திலேயே இருக்கும். நெதர்லாந்து நகரமான 'தி ஹேக்' விலக்கு. அங்கே 'தி'யும் பெயரைச் சேர்ந்தது.

திசைகளும் இப்படியே இரண்டு விதமாக வரும். வடக்கே நடந்தால் 'நார்த்' சிறியது. 'நார்த் அமெரிக்கா' என்றால் பெரியது. கிழமைகளுக்கும் மாதங்களுக்கும் எப்போதும் பெரிய எழுத்து, பருவங்களுக்குச் சிறியது: 'சம்மர்', 'வின்டர்' என்று எழுதும்போது பலர் சறுக்குகிறார்கள். பாடங்களில் 'மேத்தமேட்டிக்ஸ்', 'ஹிஸ்டரி' சிறிய எழுத்தில் வரும். ஆனால் 'இங்கிலீஷ்', 'டமில்' போன்ற மொழிப் பெயர்களும் நாட்டினப் பெயர்களும் எங்கே வந்தாலும் பெரிய எழுத்துதான். இதைத் தவறவிட்ட விண்ணப்பத்தைப் படிப்பவர் கண்ணில் அதுதான் முதலில் படும்.

சில இடங்களில் பொருளே மாறிவிடும். 'மார்ச்' பெரிய எழுத்தில் மாதம், சிறிய எழுத்தில் அணிவகுப்பு. 'டர்க்கி' பெரியதில் நாடு, சிறியதில் வான்கோழி. 'சைனா' சிறியதில் பீங்கான். இன்னொரு சொல் பெரிய எழுத்தில் போலந்து மொழியான 'போலிஷ்'. அதே எழுத்துகள் சிறியதில் மெருகேற்றும் 'பாலிஷ்'. உச்சரிப்பும் சேர்ந்தே மாறுகிறது. எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் இவற்றைப் பல நேரம் கண்டுகொள்ளாது, ஏனென்றால் இரண்டு வடிவமும் அகராதியில் உண்டு.

அறிவியல் எழுதுபவர்களுக்குத் தனிக் கவனம் தேவை. நியூட்டன், பாஸ்கல், வாட் ஆகியோர் மனிதர்கள். ஆனால் அலகாக முழுச் சொல்லில் எழுதும்போது முதலெழுத்து சிறியது, குறியீட்டில் மட்டும் பெரியது. 'டிகிரி செல்சியஸ்' வேறு மாதிரி: 'டிகிரி' சிறியது, 'செல்சியஸ்' பெரியது. 'ஹோமோ சேப்பியன்ஸ்' போன்ற உயிரியல் பெயர்களில் முதல் சொல்லுக்கு மட்டும் பெரிய எழுத்து. 'பார்க்கின்சன்ஸ் டிசீஸ்' என்ற நோயின் பெயரில் 'டிசீஸ்' சிறியதாகவே நிற்கும்.

தலைப்பில் குட்டிச் சொற்களையெல்லாம் சிறியதாக்குவது இன்னொரு பழக்கம். 'இஸ்' இரண்டே எழுத்துதான், ஆனாலும் அது வினைச்சொல். பெரிய எழுத்து வேண்டும். 'எ', 'தி', 'அண்ட்', 'ஆஃப்' போன்றவையே சிறியதாகும், அவையும் தலைப்பின் முதல் சொல்லாக வந்தால் பெரியதாகும். 'வித்', 'ஃப்ரம்' போன்ற நான்கெழுத்து முன்னிடைச்சொற்களில், எழுத்து நடைக்கு விதி வகுக்கும் நடைக் கையேடுகள் ஒத்துப்போவதில்லை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ கையேடு அவற்றைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்கிறது; சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் சிகாகோ கையேட்டில் 2024இல் வந்த 18ஆம் பதிப்பு ஐந்தெழுத்திலிருந்துதான் பெரிய எழுத்து கேட்கிறது.

கடிதத்தின் முடிவில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி', 'யுவர்ஸ் சின்சியர்லி' என்று எழுதும்போது முதல் சொல்லுக்கு மட்டுமே பெரிய எழுத்து. இரண்டாவதையும் பெரிதாக்குவது மிகப் பரவலான பிழை. தொடக்கத்தில் 'டியர் சார்' என்றால் இரண்டுமே பெரியவை.

இரு வடிவமும் புழங்கும் சொற்களும் உண்டு. 'இன்டர்நெட்' வெகுநாள் பெரிய எழுத்தில் இருந்தது. ஏபி செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு 2016இல் அதைச் சிறியதாக்கியது. இத்தகைய சொல்லுக்கு ஒரு வடிவத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். எழுதி முடித்ததும் கோப்பில் அந்தச் சொல்லைத் தேடி, வந்த இடமெல்லாம் அதே வடிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பதவிச் சொற்களையும் மொழிப் பெயர்களையும் இதே முறையில் ஒருமுறை தேடிச் சரிபார்த்துவிடுங்கள்.